நாயை வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும். ரிப்போர்ட்டைத் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறோம். எங்கள் லேப்ரடாருக்கு ஆறு வயது. காய்ச்சல் வந்து சாப்பிடாமல் கிடந்தது. சேலத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி ஒன்பது நாள் டிரிப் ஏற்றினார்கள். தினமும் மலையிறங்கிக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டி வந்தோம். இப்போது "கிட்னி போய்விட்டது, தூங்க வைத்துவிடலாம்" என்கிறார் டாக்டர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டலாம் என்று ரிப்போர்ட் கேட்டால், "பாக்கி 8,500 ரூபாயைக் கட்டுங்கள். கட்டினாலும் ஃபைல் கிளினிக்குக்குத்தான் சொந்தம்" என்கிறார். எங்களுக்கு உரிமையே இல்லையா? கேஸ் போடலாமா?

பதில்: முதலில் நாமக்கல்லுக்குக் கிளம்புங்கள். ஃபைலுக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். கேஸ் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும் நாய்க்கு அந்த அவகாசம் இல்லை.

வேறு டாக்டரிடம் காட்ட முதல் டாக்டரின் அனுமதி தேவை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாய் சட்டப்படி உங்கள் உடைமை. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் இந்த இடத்தில் அதுதான் உங்களுக்குத் துணை. யாரிடம் காட்டுவது, எந்தச் சிகிச்சைக்குச் சம்மதிப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு. இன்னொரு பக்கம், 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, விலங்கை வைத்திருப்பவர் அதன் நலனுக்கு நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று கடமையாகவே விதிக்கிறது. கருணைக் கொலைக்கான சம்மதப் படிவத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்தை உங்களிடமிருந்து அவசரப்படுத்தி வாங்க யாருக்கும் உரிமை இல்லை. நாமக்கல்லிலும் அதையே சொன்னால், அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அடுத்தது ஃபைல். கிளினிக் எழுதி வைத்திருக்கும் மூலப் பதிவேடு அவர்களுடையது என்பதில் எனக்கு மறுப்பில்லை. நீங்கள் கேட்பது நகல். காசு கொடுத்து எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவும், ஏற்றிய மருந்துகளின் விவரமும் உங்களுக்குத் தெரிய வேண்டியவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு, சேவைக் குறைபாடு என்பதற்குள் தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. எனவே வாயால் கேட்டதை இன்றே எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதையே ஸ்பீடு போஸ்ட்டிலும் போடுங்கள். கோபமான ஒரு சொல்கூட வேண்டாம். இவ்வளவு போதும்:

"எங்கள் நாய்க்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தங்களிடம் சிகிச்சை பெற்றோம். வேறு மருத்துவரிடம் காட்டுவதற்காக, எல்லா ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள், கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றின் நகல் வேண்டும். நகல் செலவைத் தந்துவிடுகிறேன். இன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும்."

மருந்துப் பட்டியலை அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. காய்ச்சலுக்கும் வலிக்கும் போடும் சில ஊசிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. எது, எத்தனை நாள், எத்தனை மில்லி என்று தெரியாமல் இரண்டாவது டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவும் அப்படித்தான். ஒரே ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதல் நாள் எவ்வளவு, ஐந்தாம் நாள் எவ்வளவு, ரத்தம் எடுத்தது டிரிப்புக்கு முன்பா பின்பா என்று வரிசையாகத் தெரிந்தால்தான், திடீரென வந்த பாதிப்பா, வெகுநாளாக இருந்த கோளாறா என்று பிரித்துப் பார்க்கலாம். திடீர் பாதிப்பாக இருந்தால் மீள வாய்ப்பு உண்டு. உண்ணிக் காய்ச்சலில் குறையக்கூடிய பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: குழாயில் ரத்தம் லேசாகக் கட்டியிருந்தால் மெஷின் குறைத்துக் காட்டும். அதனால் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள்.

கிளினிக் அசையாவிட்டால், ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பியிருந்தார்களா என்று பாருங்கள். பில்லில் லேபின் பெயர் இருக்கலாம். அங்கே நேரடியாகப் போய், நாயின் பெயர், தேதியைச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் உங்கள் கையில் இருக்கும் மருந்துச் சீட்டு, பில், ஜிபே பதிவு, டாக்டர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், காலியான ஊசி மருந்துக் குப்பிகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு நாமக்கல்லுக்கு எடுத்துப் போங்கள். காலையில் நாய் முதலில் பெய்யும் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தம், சிறுநீர் இரண்டையும் அங்கே புதிதாகப் பரிசோதித்துவிடுவார்கள்.

8,500 ரூபாய் விஷயம். இனம் வாரியாக பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பதே 2019 சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. கணக்கு சரியாக இருந்தால் கட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தாலும் கட்டிவிட்டு, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பி ரசீது வாங்குங்கள். பிறகு அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க அந்த வரி உதவும். நாய் இரவில் உங்கள் வீட்டில் இருப்பது பெரிய ஆறுதல். கிளினிக்கில் அட்மிட் செய்திருந்து, பாக்கிக்காக நாயையே பிடித்து வைத்தால் சிக்கல் கூடும். தம் உழைப்பைச் செலுத்திய பொருளைக் கூலி வரும்வரை வைத்துக்கொள்ளலாம் என்ற 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவைக் காட்டி அவர்கள் வாதிடப் பார்ப்பார்கள். அந்த வாதத்தை நோயாளி நாயை நடுவில் வைத்துக்கொண்டு நடத்தக் கூடாது. அப்படி ஒரு நிலை வந்தால், ஆட்சேபத்துடன் பணத்தைக் கட்டி நாயை மீட்பதுதான் வழி. மருத்துவர் ஆலோசனைக்கு மாறாகக் கூட்டிப்போகிறேன் என்ற படிவத்தை நீட்டினால், "இரண்டாவது கருத்துப் பெறுவதற்காக" என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இனி கேஸ். 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே அடிப்படையில் தனியார் கால்நடை கிளினிக்குகள் மீதான புகார்களையும் நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கின்றன. ஆனால் ஒன்றை மனதில் நிறுத்துங்கள். நாமக்கல் டாக்டர் வேறு நோய் என்று சொல்லிவிட்டால் மட்டும் சேலம் டாக்டர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகிவிடாது. சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் அதே நிலையில் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்பதுதான் அளவுகோல். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கு அதைத் தெளிவாக்கியது. பரிசோதனையே செய்யாமல் மருந்து போட்டது, சிறுநீரகம் கெட்டது தெரிந்த பிறகும் அதைக் கெடுக்கும் ஊசியைத் தொடர்ந்தது போன்றவை நிற்கும். "இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாம்" என்பது நிற்காது.

நாமக்கல் டாக்டரிடம் "அவர் செய்தது தப்புதானே?" என்று கேட்காதீர்கள். சாட்சியாக்கப் பார்க்கிறீர்கள் என்று தோன்றினால் எந்த டாக்டரும் பேச்சைச் சுருக்கிக்கொள்வார். இப்போது என்ன நோய், எதனால் அப்படிச் சொல்கிறார், என்ன சிகிச்சை என்று மட்டும் எழுதி வாங்குங்கள். பின்னால் வழக்குக்கும் அந்தத் தாள்தான் பயன்படும்.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய் இறந்துவிட்டால், கேஸ் போடும் எண்ணம் இருந்தால், உடனே புதைக்காதீர்கள். பிரேதப் பரிசோதனை இல்லாத வழக்குகள் பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடுகின்றன. உடலைச் சுற்றிலும் ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக வையுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்து காரணம் கண்டுபிடிப்பது கடினமாகும். அன்றே கால்நடைக் கல்லூரிக்கு போன் செய்து கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

புகார் கொடுக்கும் இடங்கள் இரண்டு. இழப்பீடு வேண்டுமென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால் ஏற்காட்டு முகவரியே போதும். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. டாக்டரின் நடத்தை மீது நடவடிக்கை வேண்டுமென்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவ மன்றம். அங்கே பணம் கிடைக்காது. மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பதிவில்லாதவர் வைத்தியம் பார்த்திருந்தால், 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி அது தனிக் குற்றச்சாட்டு. வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் போனிலிருந்து அழிக்காதீர்கள். ஆணையத்தில் மின்னணுச் சான்றுக்கு உறுதிச் சான்றிதழ் கேட்டால் மூலம் அந்தப் போனில்தான் இருக்க வேண்டும்.