அக்கா பதில்: அவர் சம்பளம் கணக்கில் வருமா?

கேள்வி: அக்கா, நான் லண்டன் ஹரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கிறது. ஆண்டுச் சம்பளம் 26,500 பவுண்ட். போன தையில் யாழ்ப்பாணத்தில் எழுத்தும் (கல்யாணப் பதிவு) தாலிகட்டும் முடிந்தது. கணவர் அங்கே வங்கியில் நல்ல வேலையில் இருக்கிறார். அவரை இங்கே கூப்பிட இரண்டு பேரின் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாமா? வாட்ஸ்அப்பில் பேசியதையெல்லாம் அச்செடுக்க வேண்டுமா?
- ஒரு வாசகி, ஹரோ

பதில்: தங்கச்சி, அவருடைய சம்பளம் சேராது. அவர் ஊரிலிருந்து விண்ணப்பிக்கும்போது உங்கள் சம்பளத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்ட் காட்ட வேண்டும். உங்களுக்கு 2,500 குறைகிறது.

ஆனால் மனம் தளர வேண்டாம். சம்பளம் சேராவிட்டாலும் சேமிப்பு சேரும். அது அவர் பெயரில் யாழ்ப்பாணத்து வங்கியில் கிடந்தாலும் சரி. சேமிப்பில் முதல் 16,000 பவுண்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல், குறைகிற தொகையைப் போல இரண்டரை மடங்கு வேண்டும். உங்கள் கணக்குக்கு 16,000-உம் 6,250-உம் சேர்த்து 22,250 பவுண்ட். அது 6 மாதம் குறையாமல் இருக்க வேண்டும். அப்பா அம்மா அன்பளிப்பாகத் தந்தது என்றால் பரவாயில்லை, கடன் வாங்கிப் போட்டது கூடாது.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்றால், சனி ஞாயிறில் இன்னொரு சின்ன வேலை பாருங்கள். வரிக்கு முன் மாதம் 210 பவுண்ட் வந்தாலே குறை தீர்ந்துவிடும். அதையும் 6 மாதம் செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2013-இல் என் கணவரைப் பருத்தித்துறையிலிருந்து கூப்பிட்டேன். அப்போது தேவை 18,600 பவுண்ட். என் சம்பளம் அதைத் தாண்டித்தான் இருந்தது. ஆறு மாத பே ஸ்லிப்பையும் வைத்தேன், ஒரு மாதத்து பாங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் விடுபட்டுப் போயிற்று. விசா கிடைக்கவில்லை. திரும்ப விண்ணப்பித்து அவர் வந்து சேர்ந்தபோது மகளுக்கு ஏழு மாதம். போன் திரையில் அப்பாவைக் கண்டால் சிரிக்கிற பிள்ளை, அவர் கையில் தூக்கியதும் வீரிட்டு அழுதது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் ஒரு இரவு பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு பே ஸ்லிப்பிலும் கைக்கு வந்த தொகை, அதே தொகை பாங்கில் விழுந்த நாள், இரண்டையும் ஆறு மாதத்துக்கும் ஒத்துப் பார்த்து அடையாளம் போடுங்கள்.

வாட்ஸ்அப் முழுவதும் வேண்டாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம், அழைப்புப் பட்டியல், நீங்கள் ஊருக்குப் போன விமான டிக்கெட், இரண்டு வீட்டாரும் நிற்கும் கல்யாணப் படங்கள் போதும். உங்கள் அந்தரங்கப் பேச்சை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எழுத்துச் சான்றிதழ் தமிழில் இருந்தால் அத்தாட்சி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். நம் ஆட்களின் பெயர்களில் அடிக்கடி ஒரு சிக்கல் வரும்: தகப்பன் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கும். அப்படி இருந்தால் ஒரு கடிதத்தில் நீங்களே விளக்கிவிடுங்கள்.

செலவையும் இப்போதே எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரலில் விசாக் கட்டணம் 1,938 பவுண்டாக உயர்ந்தது, அதோடு சுகாதாரக் கட்டணம் 3,105. விசா கிடைக்காவிட்டால் இரண்டாவது திரும்பி வரும், முதலாவது வராது.

அப்புறம், ஏ1 என்கிற அடிப்படை நிலை ஆங்கிலப் பரீட்சையை அவர் இப்போதே எழுதலாம். காசநோய் இல்லை என்ற சான்றை மட்டும் கடைசியில் எடுக்கச் சொல்லுங்கள். அது 6 மாதம்தான் செல்லும்.