நிக்சன் பெயரும் தளர்ந்த இரண்டு தந்திகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் குழுவின் ‘ஒஹையோ’ பாடலை கிட்டாரில் பழகுகிறேன். கார்டுகள் சரியாக இருந்தும் ரெக்கார்டில் உள்ள கனம் வரவில்லை. இன்னொன்று: ஒஹையோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுடச் சொன்னது அன்றைய அமெரிக்க அதிபர் நிக்சன் இல்லையே, பாட்டில் அவரை இழுத்தது நியாயமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் வழக்கமான சுருதியில் வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீல் யங் இதற்கு ஆறாவது, முதல் தந்திகள் இரண்டையும் இ-யிலிருந்து டி-க்கு இறக்கிக்கொள்வார். நான்காவது தந்தியை மீட்டி, ஆறாவதை அதற்கு ஒரு ஸ்தாயி கீழேயும் முதலாவதை ஒரு ஸ்தாயி மேலேயும் சேருங்கள். டி-க்கும் கீழே தளர்த்திவிட்டுப் பிறகு முறுக்கி ஏற்றுங்கள். இறக்கியபடியே நிறுத்தினால் நாலு அடியில் சுருதி நழுவிவிடும். விரல்களும் இடம் மாறும். டி மைனரில் முதல் தந்தியின் முதல் கட்டில் (ஃப்ரெட்) இருந்த விரல் மூன்றாம் கட்டுக்குப் போகவேண்டும். பழைய இடத்தில் வைத்தால் அபஸ்வரம். எஃப்-பின் அடிச்சுரத்துக்கு ஆறாவது தந்தியில் மூன்றாம் கட்டு. எஃப், சி கார்டுகளில் முதல் தந்தியை அழுத்தாமல் விட்டுப் பாருங்கள். கார்டு மாறினாலும் அந்த டி தம்புரா போல நின்று ஒலிக்கும். நீங்கள் தேடும் கனம் அங்கேதான் இருக்கிறது.

நிக்சன் விஷயம். சுட்டது ஒஹையோ தேசியக் காவல் படை, அதை அனுப்பியவர் ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ். அந்த மட்டில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கென்ட் மாணவர்கள் எதற்காகத் திரண்டார்கள்? 1970 ஏப்ரல் 30 அன்று, கம்போடியாவுக்குள் படை நுழைவதைத் தொலைக்காட்சியில் அறிவித்தவர் நிக்சன். மே 4 நண்பகல் கடந்ததும் 13 விநாடிகளில் ஏறத்தாழ 67 குண்டுகள். நால்வர் இறந்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். இறந்தவர்களில் படைக்கு மிக அருகே இருந்தவரே சுமார் 265 அடி தள்ளித்தான் நின்றார். ஒரு மாணவி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

மே 21 அன்று ஒலிப்பதிவு, ஜூனில் இசைத்தட்டு. அப்போது அவர்களுடைய ‘டீச் யுவர் சில்ட்ரன்’ பாடல் வெற்றிப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது; அதைப் பணயம் வைத்தே இதை வெளியிட்டார்கள். நிக்சன் பெயர் இருந்ததால் சில ஏஎம் வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. பெயரை எடுத்திருந்தால் தடை இருந்திருக்காது, பாட்டு ஒப்பாரியோடு நின்றிருக்கும். சுட்டவர்களோடு நிறுத்தாமல், காரணமானவரையும் பெயர் சொல்லிக் கேட்டது நியாயம் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

கடைசியில் ஒலி தேயும்போது க்ராஸ்பி ‘ஏன்’, ‘இன்னும் எத்தனை பேர்’ என்று அலறுவார். அங்கே வேகம் எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள், தொடங்கிய நடையிலேயே ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் துணுக்கை, பிடித்திருங்கள்.