ஃபீனோ டெஸ்ட் நார்மல் என்றால் இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. புகைப்பழக்கம் கிடையாது, ஆனால் பல வருஷம் விறகடுப்பில் சமைத்தவர். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பைரோமெட்ரி ஏற்கெனவே எடுத்தாயிற்று. இப்போது ஃபீனோ என்று இன்னொரு ஊதும் டெஸ்ட் எடுத்ததில் 18 வந்திருக்கிறது, நார்மலாம். நுரையீரல் சரியாகிவிட்டதா? இன்ஹேலரை நிறுத்தலாமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இரண்டுமே ஊதுகிற டெஸ்ட்தான் என்றாலும் பார்ப்பது வேறு வேறு. காற்று எவ்வளவு, எத்தனை வேகமாக வெளியே வருகிறது, அடைப்பு இருக்கிறதா என்று ஸ்பைரோமெட்ரி சொல்லும். ஃபீனோ பார்ப்பது மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை, அதுவும் நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற அளவில். மூச்சில் இந்த வாயு இருப்பதை 1991-ல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள், அடுத்த சில வருஷங்களிலேயே ஆஸ்துமாக்காரர்களுக்கு அது கூடுதலாக இருப்பதும் தெரியவந்தது. ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் சேர்ந்த அலர்ஜி வகை அழற்சி இருந்தால் மூச்சுக்குழாயின் உள்சுவர் இதை அதிகமாகச் சுரக்கும். பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே குறைவு, 50-க்கு மேலே அதிகம்; நடுவில் வந்தால் தொந்தரவுகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

புகையால் வரும் சி.ஓ.பி.டி.யில் பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளை அணு வகை அழற்சிதான் இருக்கும், அது இந்த எண்ணை ஏற்றாது. ஆகவே 18 என்றால் ஈசினோஃபில் வகை அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். அடைப்பு அப்படியே இருக்கலாம். புகைக்காத அம்மாவுக்கு இந்த டெஸ்ட் எழுதியது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது, ஏனென்றால் ஆஸ்துமாவும் கலந்திருந்து ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாக வேலை செய்யும் ஆளா என்று பார்க்கத்தான் இதை எடுப்பார்கள்.

ஆனால் ஒன்று, அம்மாவின் இன்ஹேலரில் ஏற்கெனவே ஸ்டீராய்டு இருந்தால் அதுவே எண்ணைக் குறைத்துக் காட்டியிருக்கும். இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் எத்தனை என்றும் கேளுங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 300-ஐத் தொட்டால் ஸ்டீராய்டு பலன் தர வாய்ப்பு அதிகம், 100-க்குக் கீழே என்றால் குறைவு.

அப்புறம், மறுபடி எடுக்கச் சொன்னால் ஸ்பைரோமெட்ரிக்கு முன்னாலேயே ஃபீனோவை எடுத்துவிடுங்கள். ஸ்பைரோமெட்ரியில் போல இதில் முழு பலத்தோடு ஊதக்கூடாது. நன்றாக மூச்சை இழுத்து, திரையில் காட்டும் அளவைத் தாண்டாமல் ஒரே சீராகப் பத்து வினாடி விட வேண்டும், வேகம் கூடினால் எண் இறங்கிவிடும், அதனால்தான் மெஷின் திரும்ப ஊதச் சொல்கிறது. அன்றைக்குக் கீரை, பீட்ரூட் வேண்டாம், அவை எண்ணை ஏற்றும். சளி பிடித்திருந்தாலும் ஏறும்.

மூச்சைக் குளிரவைத்துத் துளிகளாகப் பிடித்து அமிலத்தன்மை பார்க்கும் முறையும் உண்டு, அது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது, அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

அம்மா இப்போதும் விறகில்தான் சமைக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஆமென்றால் அடுத்த டெஸ்டுக்கு முன்னால் கேஸ் அடுப்புக்கு மாற்றிவிடுங்கள்.