சப்வூஃபர் வாங்கும் முன் கதவைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என் ஹேட்ச்பேக் காரில் கம்பெனி ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டு நாலு கதவிலும் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் போட்டேன். பாட்டு தெளிவாகக் கேட்கிறது, பேஸ் (அடிச்சத்தம்) மட்டும் வரவே இல்லை. தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ரோட்டு இரைச்சலில் இருக்கிற கொஞ்சநஞ்ச பேஸும் அமுங்கிவிடுகிறது. பேஸுக்கென்றே உள்ள பன்னிரண்டு இஞ்ச் சப்வூஃபர் ஸ்பீக்கரும் அதை ஓட்டும் ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபயர்) வைத்தால்தான் தீரும், 28,000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – வாசகர், தக்கலை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். காசு செலவில்லாத ஒரு சோதனையை முதலில் செய்யுங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளிக் கேளுங்கள். பிறகு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து பாடும்போது பேஸ் கூட வேண்டும். குறைந்தால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் வயர் மாறியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றொன்று இழுக்கும். அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். எது மாறியிருக்கிறது என்று அறிய, ஸ்பீக்கர் வயரைப் பாட்டு ஓடும் செட்டின் பின்னால் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை அந்த வயரில் பிளஸுக்குப் பிளஸாக ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் (ஸ்பீக்கரின் நடுவில் அசையும் கூம்பு) வெளியே வர வேண்டும். உள்ளே போனால் அந்த ஸ்பீக்கரில்தான் வயர் மாறியிருக்கிறது. வயரை மாற்றிக் கொடுத்தால் போதும். புது ஸ்பீக்கர் போட்ட வண்டிகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

அது சரியாக இருந்தால் அடுத்தது கதவு. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது; காரில் கதவுதான் பெட்டி. டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றினால் உள்ளே இரும்புத் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கோனின் முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் அந்த ஓட்டைகள் வழியாகக் கலந்து அழிந்துபோகின்றன. அலை நீளம் அதிகமுள்ள பேஸ்தான் இப்படி முதலில் காணாமல் போகும். ஓட்டைகளை, அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டால் முழுக்க மூடி, ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் வளையம் வைத்துத் திருகினால், இதே ஸ்பீக்கரில் பேஸ் எழும்பும்.

ஷீட் வாங்கும்போது பியூட்டைல் (ஒருவகை ரப்பர்) வகையைக் கேளுங்கள். தார் வகை விலை குறைவு. ஆனால் வெயிலில் நிற்கும் வண்டியில் இளகி நாற்றமடிக்கும். தகட்டின் அதிர்வை அடக்க கால் பங்கு பரப்பில் ஒட்டினாலே போதும். கதவு முழுக்க இரண்டு அடுக்கு ஒட்ட வேண்டும் என்று பில் போட்டால் சம்மதிக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கூட நின்று பார்த்துச் செய்ய வேண்டும். கதவின் அடிவிளிம்பில் சிறு ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் அதன் வழியேதான் வெளியே போகிறது. நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த ஓட்டையை ஷீட்டோ பசையோ அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பேடை மூடும் முன் ஒரு செம்புத் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றி, கீழே வடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரோட்டு இரைச்சலும் தாழ்ந்த சுரம்தான். அதனால்தான் அது பேஸை மூடுகிறது. டயர் காற்று, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவில் இருக்கிறதா, டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, கதவு ரப்பர் பீடிங் இறுகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலும் இரைச்சல் இருந்தால், பின்சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவும் டிக்கித் தரையும்தான் ஹேட்ச்பேக்கில் முதலில் கவனிக்க வேண்டிய இடம்.

இவ்வளவுக்குப் பிறகும் அடிவயிற்றில் இடிக்கும் பேஸ் வேண்டுமென்றால் சப்வூஃபர் வைக்கலாம், தவறே இல்லை. குடும்பத்தோடு சாமான் ஏற்றும் வண்டி என்றால், சீட்டுக்கு அடியில் போகும், ஆம்ப் உள்ளேயே உள்ள எட்டு இஞ்ச் போதும். செண்டை, தவில் போல அடி விழுந்ததும் சத்தம் சட்டென்று அடங்க வேண்டும் என்பவர்களுக்கு மூடிய பெட்டி. சத்தம்தான் பெரிதாக வேண்டும் என்பவர்களுக்குத் துளை வைத்த பெட்டி. எதுவானாலும் சத்தத்தை 80 ஹெர்ட்ஸ் பக்கமாகப் பிரித்து, அதற்குக் கீழே சப்வூஃபருக்கும் மேலே கதவு ஸ்பீக்கர்களுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆம்ப் வைத்த நாளிலிருந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'கீய்ங்' என்று சத்தம் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. ஒரு கடையில் ஃபில்டர் போடச் சொல்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். – வாசகர், குளச்சல்

பதில்: இரண்டையும் தள்ளி வையுங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம், எர்த் (ஆம்ப்பின் மைனஸை வண்டியின் இரும்பு பாடியில் இணைக்கும் இடம்) சரியில்லாததாலோ வயர் போன பாதையாலோதான் பெரும்பாலும் வரும். ஆம்ப்பை அணைத்துவிட்டு, செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயரை ஆம்ப்பிலிருந்து பிடுங்குங்கள், பிறகு ஆம்ப்பைப் போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சத்தம் நின்றால் வயரிலோ செட்டிலோ கோளாறு. நிற்கவில்லை என்றால் ஆம்ப்பின் பவர், எர்த் பக்கம் பாருங்கள். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் 'உஸ்' என்றே இருந்தால் அது வேறு: ஆம்ப்பில் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) கூட்டி வைத்திருக்கிறார்கள், குறைத்தால் போதும்.

பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட்டை முறுக்கி எர்த் கொடுத்திருப்பார்கள். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வேண்டும், எர்த் வயர் அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, போல்ட் ஆடக் கூடாது. குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சுரண்டிய இடத்தில் உப்புக்காற்று சீக்கிரமே துருவேற்றிவிடும். போட்ட அன்று சுத்தமாக இருந்த சத்தம் சில மாதத்தில் கெட்டுப்போவது இப்படித்தான். முறுக்கி முடித்ததும் அதன் மேல் கிரீஸ் தடவச் சொல்லுங்கள்.

பவர் வயர் வண்டியின் ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. வயர் மறுபக்கமும் போக வேண்டும். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரித்துப் போடச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி வந்து, பேட்டரி விளக்கும் எரியாமல் இருந்தால் ஆல்டர்னேட்டரை மாற்றும் பேச்சே வேண்டாம்.

வந்த இடத்தில் பானட்டையும் திறந்து பார்த்துவிடுங்கள். பேட்டரி பிளஸிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் வயரில் ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் போடும்வரை அந்த வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். வயர் எங்கேயாவது உரசி பாடியில் தொட்டால் தீப்பிடிக்கும். ஆம்ப்பின் மேலுள்ள ஃபியூஸ் அதைத் தடுக்காது. கூடவே வயர் நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளையாக இருந்தால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அது அதே கனத்துச் செம்பு வயர் அளவுக்குக் கரன்ட் தாங்காது. செம்பு விலை கொடுத்து அதை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: '1000 வாட்ஸ்' என்று அட்டைப்பெட்டியில் போட்ட ஸ்பீக்கரைத் திருவனந்தபுரத்தில் வாங்கினேன். பத்தே நாளில் ஒன்று கரகரக்கிறது. பில் தரவில்லை, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அட்டைப்பெட்டியில் இருப்பது கண்சிமிட்டும் நேரத்துக்கான உச்ச எண். ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்கும் எண்தான் தொடர்ந்து தாங்கும் அளவு. காரின் செட் '50 வாட்ஸ்' என்று போட்டிருந்தாலும் ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட்ஸ்தான் உண்மையில் கொடுக்கும்.

பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. திரும்ப எடுப்பதற்கான கெடு பில்லில் இல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். இன்றே வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ குறையை எழுதி அனுப்புங்கள். ஜிபே செய்த ரசீது, பெட்டியின் படம், கரகரக்கும் சத்தத்தின் வீடியோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். கடை கேரளத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. அதுவரை அந்த ஸ்பீக்கரை வேறு யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள். பிரித்துவிட்டால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று கடைக்காரர் சொல்ல இடம் கிடைத்துவிடும்.