இந்த நிறம் எந்தப் பட்டியலிலும் இல்லையே!

கேள்வி: பழைய லெகோ கட்டைகள் ஒரு பெட்டி நிறைய மொத்தமாகக் கிடைத்தது. அதில் 2-க்கு-4 அளவில் (மேலே இரண்டு வரிசையில் நான்கு நான்கு குமிழ்கள்) மூன்று கட்டைகள் மட்டும் தனியாகத் தெரிகின்றன. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரு மங்கல் நிறம். குமிழ்களில் லெகோ என்ற எழுத்து இருக்கிறது. நிறப் பட்டியல்களை எல்லாம் பார்த்துவிட்டேன், எதோடும் ஒத்துவரவில்லை. “இது சோதனைக்காக வார்த்த நிறம், நல்ல விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார் ஒரு சேகரிப்பாளர். உண்மையிலேயே அபூர்வமானவையா? எப்படித் தெரிந்துகொள்வது? கழுவி வைக்கலாமா?

பதில்: முதலில் அந்தச் சேகரிப்பாளரிடம் “யோசித்துச் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லிவையுங்கள். கழுவுவதையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இந்த நிறத்துக்கு என்ன பெயர் என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்தக் கட்டை எப்படி இந்த நிறத்துக்கு வந்தது என்பதுதான். ‘பட்டியலில் இல்லாத நிறம்’ என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை பட்டியலில் இருக்கிற நிறங்கள்தான், வெயில் தின்றவை.

நீலம் ஏன் பச்சையாகிறது? 1963-இலிருந்து லெகோ கட்டைகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. அதில் உள்ள ரப்பர் தன்மையான பகுதி வெளிச்சத்தாலும் காற்றாலும் மெல்ல மஞ்சளாகும். வெள்ளைக் கட்டையில் இது பட்டெனத் தெரியும், பழுத்துவிட்டது என்போம். நீலக் கட்டையில் பழுப்பு தெரியாது. நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் கண்ணுக்குப் பச்சைதானே! நீங்கள் சொல்லும் குளத்து நிறம் அப்படி வந்ததாக இருக்கலாம். சாம்பல் கட்டை இதே மாதிரி ஆலிவ் நிறத்துக்கு நகரும். நானும் ஒருமுறை ‘அபூர்வ ஆலிவ்’ என்று நம்பி ஒரு கட்டையை வாங்கி, ஒரு மாதம் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் அடிப்பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், குழாய்களின் ஆழத்தில் சாதாரணப் பழைய சாம்பல். அந்தக் கட்டை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, எனக்கே ஒரு பாடமாக.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். கட்டையைக் கவிழ்த்தால் நடுவில் மூன்று குழாய்கள் தெரியும். சின்ன டார்ச்சை நேராக உள்ளே அடித்து, குழாய் கட்டையின் உள்கூரையோடு சேரும் மூலையைப் பாருங்கள். வெளிச்சம் அதிகம் எட்டாத இடம் அதுதான். அங்கே நீலம் இன்னும் நீலமாக இருந்தால் விஷயம் முடிந்தது. மேல்பக்கக் குமிழ்களைச் சுற்றியும் பாருங்கள். வேறொரு கட்டை பல வருஷம் மேலே செருகியிருந்தால், அது மறைத்த இடம் மட்டும் அசல் நிறத்தில் சதுரமாக நிற்கும். ஒரு பக்கம் வெளுத்து இன்னொரு பக்கம் வெளுக்காமல் இருந்தாலும் வெயில்தான்.

உள்ளும் புறமும் ஒரே நிறம் என்றால் உடனே குதிக்க வேண்டாம். ஏபிஎஸ் இருட்டில்கூட மெதுவாக மஞ்சளாகும். பெட்டிக்குள்ளேயே கிடந்த கட்டை எல்லாப் பக்கமும் சமமாகப் பழுத்திருக்கலாம். இங்கேதான் மூன்று கட்டைகள் இருப்பது உங்களுக்கு வசதி. மூன்றில் அதிகம் கீறல் விழுந்த ஒன்றை எடுத்து, குழாயின் விளிம்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், கூரான பிளேடால் ஒரு மயிரிழை அளவு சீவுங்கள். பழுப்பு என்பது மேல்தோலில் மட்டும் ஏறுகிற சங்கதி. சீவிய இடத்தில் வேறு நிறம் எட்டிப் பார்த்தால், நீங்கள் வெளியே பார்த்தது அசல் நிறம் இல்லை. கையில் ஒன்றே ஒன்று இருந்தால் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

இதே சோதனை சாயத்தையும் காட்டிக்கொடுக்கும். செயற்கை இழைத் துணிக்கான சாயத்தில் வெள்ளைக் கட்டையைச் சூடாக ஊறவைத்து விதவிதமான நிறம் ஏற்றுகிறார்கள். தன் சொந்த ஆசைக்குச் செய்தால் தப்பே இல்லை, சில நிறங்கள் நிஜமாகவே அழகாக வரும். ‘ஆலையிலிருந்து வந்தது’ என்று சொல்லி விற்கும்போதுதான் பிரச்சினை. சாயமும் மேல்தோலில்தான் நிற்கும், சீவினால் அடியில் வெள்ளை. கீறல்களுக்குள் வெளுப்பாகவோ மூலைகளில் திட்டாகவோ தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

சரி, சீவிய பின்னும் அதே நிறம் என்றால்? பிளாஸ்டிக்கே அந்த நிறம்தான் என்று அர்த்தம். ஆட்டம் இங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது.

முதலில் பட்டியல்களையே சந்தேகப்படுங்கள். லெகோ நிறுவனம் ஒரு நிறத்துக்கு வைக்கும் பெயர் ஒன்று, லெகோ கட்டைகளை வாங்கி விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் அதே நிறத்துக்குப் பெயர் வேறு. நிறுவனம் ‘பிரிக் யெல்லோ’ என்பதை அங்கே ‘டான்’ என்பார்கள். பெயரை வைத்துத் தேடினால் ஒரே நிறம் இரண்டாகத் தெரியும், இரண்டு நிறங்கள் ஒன்றாகத் தெரியும். போதாததற்கு 2004-இல் பழைய இரண்டு சாம்பல்களையும் பழுப்பு நிறத்தையும் நிறுவனம் மாற்றிவிட்டது. நீலம் கலந்த புதுச் சாம்பல் வந்தது, பழுப்பில் சிவப்பு கூடியது. பழைய சாம்பலோடு வளர்ந்தவர்கள் இதை இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு கதை.

ஒரே பெயரில் உள்ள நிறமே வார்ப்புக்கு வார்ப்பு கொஞ்சம் மாறும். முன்பு நிறம் கலந்த பிளாஸ்டிக் மணிகளே ஆலைக்கு வந்தன. பிறகு நிறமற்ற மணியோடு செறிவான நிறமணியை எந்திரத்திலேயே கலக்கும் முறை வந்தது. கலவை கொஞ்சம் இப்படி அப்படிப் போனால் சாயலும் போகும். இப்படிப்பட்ட சாயல் வேறுபாட்டைத் தனி நிறம் என்று எண்ணிப் பட்டியலில் சேர்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நிஜமாகவே பட்டியலுக்கு வெளியே நிற்பவை சில வகை. எந்திரத்தில் ஒரு நிறத்தை நிறுத்தி அடுத்ததை ஊற்றும்போது இரண்டும் குழம்பி, சலவைக்கல் மாதிரி வரி ஓடிய கட்டைகள் வரும். வழக்கமாக அவற்றை ஒதுக்கிவிடுவார்கள், சில தப்பி வெளியே வந்துவிடும். அடுத்தது, புது நிறத்தையோ புது வார்ப்பு அச்சையோ சோதித்துப் பார்க்க வார்த்தவை. லெகோவுக்கு ஏபிஎஸ் கொடுத்த ஜெர்மன் நிறுவனமான பேயர், மாதிரிக்காக வார்த்த 2-க்கு-4 கட்டைகளைச் சேகரிப்பாளர்கள் ‘பேயர் கட்டை’ என்றே தனியாகத் தேடுவார்கள். அவற்றில் பலவற்றின் குமிழில் வழக்கமான லெகோ எழுத்து இருக்காது. உங்கள் மூன்றிலும் எழுத்து இருப்பதால் அந்தத் திசையில் நான் அதிகம் நம்பிக்கை வைக்க மாட்டேன்.

கட்டை லேசாக வளைந்திருந்தால், அல்லது முகர்ந்தால் வினிகர் நெடி அடித்தால், அது 1963-க்கு முன்பு பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய பிளாஸ்டிக்காக இருக்கலாம். அந்தக் காலத்து நிறங்கள் இன்றைய நிறப் பட்டியலோடு பொருந்தாததில் ஆச்சரியமே இல்லை. அளவு சின்னதாகத் தெரிந்தால் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். லெகோவில் குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டிடக் கலைஞர்களுக்காக லெகோ 1963-இல் தொடங்கிய மாடுலெக்ஸ் கட்டைகள் 5 மில்லிமீட்டர் கணக்கில் வந்தன. அவற்றுக்கென்று மண் நிறம், ஆலிவ் என்று தனி நிறவரிசையே உண்டு.

நிறத்தை ஒப்பிடும்போது போன் படத்தை நம்பாதீர்கள். கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைத் திருத்தும். நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், சாம்பல் காகிதத்தின் மேல், எந்த வருஷத்துச் செட்டில் வந்தது என்று உறுதியாகத் தெரிந்த நீலக் கட்டையையும் பச்சைக் கட்டையையும் ஒட்டி வைத்து, நடுவில் உங்களுடையதை வையுங்கள். அப்புறம் அதே வரிசையை எல்.இ.டி. விளக்கின் கீழும் பாருங்கள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொன்றில் பிரிந்துவிடும். பிரிந்தால் இரண்டும் வேறு நிறமிக் கலவை என்று தெரிந்துகொள்ளலாம்.

எனக்கு நிறத்தைவிடப் பெட்டிதான் முக்கியம். அந்த மூன்றும் எந்தக் கட்டைகளோடு சேர்ந்து வந்தன? மற்றவை எந்தக் காலத்துச் செட்டுகள்? கொடுத்தவர் வீட்டில் யாராவது வார்ப்பு ஆலையில் வேலை செய்தார்களா? கட்டையின் உள்ளே பொடி எழுத்தில் உள்ள வார்ப்பு அச்சின் எண்களையும், ‘பேட்டண்ட் பெண்டிங்’ (காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்) போன்ற பழைய முத்திரை இருந்தால் அதையும், அப்படியே எழுதி வையுங்கள். வரலாறு தெரிந்த மங்கல் கட்டைக்கு இருக்கும் மதிப்பு, வரலாறு தெரியாத பளபளப்பான கட்டைக்குக் கிடையாது. பெட்டியைப் பிரித்து விற்றுவிட்டால் அந்த வரலாறு திரும்பக் கிடைக்காது.

இவ்வளவும் குறித்து முடித்த பிறகு கழுவலாம். 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, கை விரல் போதும். அசிடேட் என்று சந்தேகம் இருந்தால் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டு வெயிலில் வைத்தால் பழுப்பு போகும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். போகத்தான் செய்யும். கூடவே உங்கள் ஆதாரமும் போகும், சில சமயம் திட்டுத் திட்டாக வெளுத்தும் விடும்.

வைப்பதற்கு இருட்டான, சூடில்லாத இடம். பாலித்தீன் ஜிப் கவர் நல்லது. பிவிசி உறையும் ரப்பர் பேண்டும் கட்டையைத் தொடக் கூடாது, கறை பிடிக்கும். அசிடேட் கட்டைகளைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள், அந்த வினிகர் ஆவி பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுக்கும்.

விலை விஷயம். ‘அபூர்வம்’ நிரந்தரம் இல்லை. நிறுத்தப்பட்ட ஒரு பச்சை கலந்த நீலம் பல வருஷம் விலை ஏறிக்கொண்டே இருந்து, 2018-இல் திரும்ப உற்பத்திக்கு வந்துவிட்டது. ஆலைச் சோதனைக் கட்டைகளுக்கு அந்த ஆபத்து குறைவு, ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு விற்பவர் தலையில். டார்ச், பிளேடு இரண்டையும் உங்கள் கட்டை தாண்டிவிட்டால், அந்தச் சேகரிப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சோதனை நிறம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” தன்னிடம் உள்ள இன்னொரு கட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டினால் உட்கார்ந்து பேசுங்கள். விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், மூன்றையும் கவரில் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.