நூலில் இல்லை கோளாறு

வணக்கம். கையாலேயே வெல்ட் (ஷூவின் ஓரத்தைச் சுற்றி வரும் தோல் பட்டை) தைத்து ஒரு ஜோடி ஷூ செய்தேன். இரண்டே மாதத்தில் விரல் மடங்கும் இடத்தில் வெல்ட் பிரிந்துவிட்டது. நூல் அறவில்லை, இன்சோல்தான் (பாதத்தின் கீழே வரும் உள்ளடித் தோல்) தையலோடு கிழிந்திருக்கிறது. மெத்தென்று இருக்கட்டுமே என்று 3 மி.மீ. குரோம் தோல் (குரோம் உப்பில் பதனிட்டது) போட்டிருந்தேன். தடித்த நூலால் தைத்தால் நிற்குமா?
க. செ.

அன்புள்ள க. செ.,

இன்னும் சீக்கிரம் கிழியும். நூல் தடித்தால் துளையும் பெரிதாகும். துளைகளுக்கு நடுவே தோல் மிஞ்சாது.

கைத்தையலில் அப்பரையும் (ஷூவின் மேல்பக்கத் தோல்) வெல்ட்டையும் பிடித்து நிறுத்துவது இன்சோலின் அடியில் செதுக்கும் வரப்பு. குரோம் தோல் இழுபடும். அதில் வரப்பு நிற்காது. தொழிற்சாலை ஷூவில் மெல்லிய இன்சோல் தாங்குகிறதே என்பீர்கள். அங்கே பெரும்பாலும் துணிப் பட்டையை ஒட்டி வரப்பாக்கி, எந்திரத்தில் தைக்கிறார்கள். அது வேறு கணக்கு.

உங்களுக்கு வேண்டியது பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத் தோல், தோள்பட்டைப் பகுதி, 4.5 முதல் 5 மி.மீ. கனம். வயிற்றுப் பகுதியைத் தள்ளிவிடுங்கள், நார் தளர்ந்திருக்கும். வெட்டிய ஓரத்தில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். சாயத்தில் மறைந்திருந்தால் ஒரு துண்டைக் கொதிநீரில் போடுங்கள்: பட்டைத் தோல் சுருண்டு விறைக்கும், நல்ல குரோம் தோல் அப்படியே கிடக்கும். (நம் ஊர் ஆவாரம்பட்டை ஆட்டுத்தோல் லைனிங்குக்கு அருமை, இன்சோலுக்குக் கனம் போதாது.)

இன்சோலை நனைத்து, லாஸ்டின் (கால் வடிவ அச்சு) அடியில் ஆணியடித்து, ஓர் இரவு காயவிடுங்கள். பிறகு ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே ஒரு படி வெட்டுங்கள். அதற்கும் 5, 6 மி.மீ. உள்ளே சாய்வாக ஒரு பள்ளம். இடையில் எஞ்சுவதே வரப்பு. ஆழம் தோலின் பாதிக் கனத்தைத் தாண்டக் கூடாது. வளைந்த குத்தூசியால் 8, 9 மி.மீ.க்கு ஒரு துளை. முனை வளைவில் மட்டும் நெருக்கிக் குத்துங்கள். வெளிச்சுற்று நீளம் என்பதால் வெல்ட்டில் தையல் தானாக அகன்றுவிடும். ஊசி, கால் படும் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

தைக்கும்போது வரப்பு லேசான ஈரத்தில் இருக்கட்டும். காய்ந்திருந்தால் வெடிக்கும், ஊறியிருந்தால், இறுக்கும் நூல் வெண்ணெயில் கம்பிபோல இறங்கிவிடும். உங்கள் ஷூவில் இதுவும் நடந்திருக்கலாம்.

நூல் பல இழை லினன் போதும். கீல், ரோசின் (பைன் மரப் பிசின்), தேன்மெழுகு கலந்து உருக்கித் தேயுங்கள். கோடையில் தேன்மெழுகைக் குறைத்து ரோசினைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் இளகிவிடும்.

அந்த ஜோடியை எறிய வேண்டாம். புது இன்சோல் வெட்டி, அதே லாஸ்டில் அப்பரை மறுபடி இழுத்து, அப்பரில் பழைய துளைகள் வழியாகவே தையுங்கள். புதிதாகக் குத்தினால் அதுவும் கிழியும்.