கருந்துளையைச் சூஃபிகள் முன்பே கண்டுவிட்டார்களா?

கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். குர்ஆனின் 81ஆம் அத்தியாயம் கருந்துளையைத்தான் சொல்கிறது என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, உண்மையா? சூஃபிகள் 'ஃபனா' என்று சொன்ன அழிவும் (தான் என்பது இறைவனில் கரைந்துபோவது) கருந்துளைக்குள் விழுவதும் ஒன்றுதானா? முதலாவதற்கு இல்லை என்பேன். இரண்டாவதற்கு, ஓரிடம் வரைக்கும் ஆமாம். அதைத் தாண்டினால் இல்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். வாப்பா காதிரிய்யா தரீக்கா என்ற சூஃபி வழியில் பைஅத் (குருவிடம் உறுதிமொழி) எடுத்தவர். வியாழன் இரவு வீட்டில் ராத்திபு (கூட்டாக ஓதும் துதி) ஓதி முடியும்வரை தூங்காமல் காத்திருந்து, ஓதியபின் பங்கிடும் நார்சாவை வாங்கித் தின்று வளர்ந்தேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம் உண்டு, இரண்டு பக்கத்தாரோடும் சண்டையும் உண்டு.

2019 ஏப்ரல் 10 அன்று எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் கருந்துளையின் படம் வெளியானது. அடுத்த மாதமே நோன்பு. ஒருநாள் தராவீஹ் என்ற நோன்பு இரவுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சாச்சா போனை நீட்டினார். அடுப்புத் தணல் மாதிரி ஒரு ஆரஞ்சு வளையம், நடுவில் இருட்டு. கீழே தக்வீர் சூராவின், அதாவது அந்த 81ஆம் அத்தியாயத்தின், இரண்டு ஆயத்துகள் (வசனங்கள்).

"இங்க பாரு வாப்பா. நீங்கள்லாம் இப்பத்தான் போட்டோ எடுக்குறீங்க. ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முன்னாடியே வந்திருச்சு."

81:15, 16. 'ஹுன்னஸ்' மீது சத்தியம், 'அல்ஜவாரில் குன்னஸ்' மீது சத்தியம். (அரபியில் முதல் எழுத்து தொண்டையிலிருந்து காறி வருகிற ஒலி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், அதனால் முதலாவதை ஹு என்று எழுதுகிறேன்.) அந்தச் செய்தியின் கணக்கு இது: ஹுன்னஸ் என்றால் கண்ணுக்குத் தெரியாதது, ஜவாரி என்றால் ஓடுவது, குன்னஸ் என்றால் பெருக்கித் தள்ளுவது. தெரியாமல் ஓடி எல்லாவற்றையும் பெருக்கி விழுங்குவது எது? கருந்துளை!

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த ஹஜ்ரத் (பள்ளிவாசல் ஆலிம்) சிரித்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர், அரபி இலக்கணத்திலேயே ஊறியவர்.

"பெருக்குறவனுக்கு கன்னாஸ். இது குன்னஸ். கினாஸ்னா என்ன தெரியுமா? மான் ஒதுங்குற இடம். வெயில் ஏறினா புதருக்குள்ள குழி பறிச்சாப்ல படுத்துக்கும்ல, அது. அதுக்குள்ள போய் ஒளியுற மானுக்குத்தான் இந்தப் பேரு."

மதரஸாவில் ஓதியவர்கள் எல்லாருக்கும் பழக்கமான ஜலாலைன் தஃப்சீரை (குர்ஆன் விரிவுரை) மறுநாள் புரட்டினேன். ஒளிவு மறைவே இல்லை. சனி, வியாழன், செவ்வாய், வெள்ளி, புதன் என்று பெயர் சொல்லிவிடுகிறது. இந்த ஐந்தும் ஓடுகின்றன, ஓடிக்கொண்டே இருந்துவிட்டுப் பின்வாங்குகின்றன, பிறகு போய் ஒளிகின்றன. நம்மூர்ப் பஞ்சாங்கத்தில் 'வக்ரம்' என்று போட்டிருப்பார்களே, அதேதான். செவ்வாய் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை வானத்தில் நின்று, சில வாரங்கள் பின்னோக்கி நகர்ந்து, மறுபடி முன்னே போகும். பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடி அதை முந்திச் செல்வதால் நமக்கு அப்படித் தெரிகிறது. மொட்டைமாடியில் வாரத்துக்கு ஒருமுறை குறித்துவைத்தால் நீங்களே பார்க்கலாம். பாலைவனத்தில் ராத்திரி நடந்தவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்த ஒன்றை மானுக்கு ஒப்பிட்ட அந்த அழகை விட்டுவிட்டு, அங்கே விளக்குமாற்றைக் கொண்டுபோய் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு சங்கடம், கருந்துளை பெருக்குவதும் கிடையாது. சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால் பூமி இப்போது சுற்றுகிற பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளிரில் விறைத்துப்போவோம், அவ்வளவுதான். யாரும் உள்ளே இழுக்கப்பட மாட்டோம். அந்தக் கருந்துளையின் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர். பூமியையே அப்படி நசுக்க முடிந்தால் ஆரம் 9 மில்லிமீட்டர், ஒரு கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிது. முதல் உலகப் போரில் ரஷ்ய முனையில் பீரங்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்ட் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கண்ட தீர்விலிருந்து வருகிற அளவுகள் இவை. அந்தத் தீர்வு அச்சான 1916லேயே அவர் இறந்துபோனார்.

வேதத்துக்கு விஞ்ஞானச் சான்றிதழ் வாங்கும் ஆசை நமக்கு மட்டும் உள்ளதில்லை. பெருவெடிப்புக் கொள்கைக்கு அடிபோட்ட ஜார்ஜ் லெமேத்ரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானமே படைப்பின் தொடக்கத்துக்குச் சாட்சி சொல்வதுபோலப் பேசியபோது சங்கடப்பட்டவர் லெமேத்ருதான். தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1979இல் நோபல் பரிசு வாங்கப் போனபோது ஸ்டாக்ஹோம் விருந்தில் குர்ஆனின் முல்க் சூராவிலிருந்து ஓதினார். படைப்பில் பிளவு எதையும் காண்கிறாயா, திரும்பிப் பார், மறுபடி திரும்பிப் பார், உன் பார்வை களைத்து உன்னிடமே திரும்பும் என்று வரும் இடம். தன் கண்டுபிடிப்பு அந்த வசனத்தில் ஒளிந்திருந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காரனின் கண் களைப்பதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான வரி அவருக்குக் கிடைக்கவில்லை போலும்.

சரி, ஃபனாவுக்கு வருகிறேன். சூஃபிகளை இதில் இழுக்கவே கூடாது என்று சொல்கிறவனில்லை நான். பாரசீக சூஃபிக் கவி நிஷாபூர் அத்தார் சொன்ன விட்டில்பூச்சிக் கதை ஒன்று உண்டு. ஒரு ராத்திரி விட்டில்கள் கூடி, மெழுகுவர்த்தி என்றால் என்ன என்று தெரிந்துவர ஒன்றை அனுப்புகின்றன. அது தூரத்தில் ஒரு மாளிகையில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்து விவரிக்கிறது. இவனுக்கு ஒன்றும் தெரியாது என்கிறது கூட்டத்தின் மூத்த விட்டில். இரண்டாவது கிட்டப் போய்ச் சிறகைச் சுட்டுக்கொண்டு திரும்புகிறது. இதுவும் ஆகாது. மூன்றாவது திரும்பவில்லை. சுடரைக் கட்டிக்கொண்டு உடம்பெல்லாம் செந்தணலாகச் சிவந்துவிடுகிறது. தூரத்திலிருந்து அதைப் பார்த்த மூத்த விட்டில், இவனுக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்தது அவனுக்கு மட்டுந்தான் என்கிறது.

கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்று நாம் சொல்வது இதைத்தான். நிகழ்வெல்லை என்று இயற்பியலில் சொல்வதும், அதாவது தாண்டிவிட்டால் ஒளிகூடத் திரும்பி வர முடியாத கருந்துளையின் எல்லையும், கிட்டத்தட்ட இதுவேதான். எம்87இன் கருந்துளைக்குச் சூரியனைப்போல 650 கோடி மடங்கு நிறை. அதன் எல்லை புளூட்டோவின் சுற்றுப்பாதையைவிட மூன்று மடங்கு அகலம். அவ்வளவு பெரியதில் எல்லையைத் தாண்டுகிறவனுக்கு அங்கே சுவரும் இல்லை, கோடும் இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே கடந்துவிடலாம். வெளியே நின்று பார்க்கிறவனுக்கோ கதையே வேறு. விழுகிறவனின் கடிகாரம் மெதுவாகிக்கொண்டே போகும், அவனிடமிருந்து வரும் ஒளி சிவந்து சிவந்து மங்கிப்போகும், அவன் எல்லையைத் தாண்டியதை இவன் கடைசிவரை பார்க்கவே மாட்டான். தாண்டியவன் அனுப்பும் சேதி வெளியே வராது. போனவனுக்கு அது சாதாரண நொடி, நின்றவனுக்கு முடிவே இல்லாத ஒன்று. இரண்டும் உண்மை.

(விட்டிலும் சிவக்கிறது, விழுகிறவனும் சிவக்கிறான் என்பதைச் சாச்சாவிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அதுவும் மறுநாளே குரூப்புக்குப் போயிருக்கும்.)

ஒப்புமை நிற்பது இங்கேதான். எனக்குத் தெரிந்து இது வலுவான ஒப்புமை. ஏனென்றால் இதில் யாரும் எதையும் முன்கூட்டிச் சொன்னதாகக் கோரவில்லை. அறிவதற்கும் அறிவிப்பதற்கும் நடுவே ஒரு கோடு விழ முடியும் என்று ஒருவர் கவிதையில் கண்டார், இன்னொருவர் சமன்பாட்டில் கண்டார்.

அடுத்த அடியில் இது உடைகிறது. ஃபனாவுக்குப் பின் 'பகா' உண்டு. அழிந்தவன் நிலைபெற்றுத் திரும்பி வந்து கடைக்குப் போகிறான், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறான். 910இல் இறந்த பக்தாதின் சூஃபி ஜுனைதுக்கு இதுதான் முக்கியம். போதையில் கத்துகிறவனைவிடத் தெளிந்து திரும்பியவனே அவருக்குப் பெரியவன். 'நானே மெய்ப்பொருள்' என்று சொன்னதாகப் பேர்பெற்ற ஹல்லாஜை 922இல் அதே பக்தாதில் கொன்றார்கள். அவரைப் போற்றிய சூஃபிகள்கூட, கண்டதில் குற்றமில்லை, விண்டதில்தான் குற்றம் என்று வருத்தப்பட்டார்கள். கங்கோஹின் அப்துல் குத்தூஸ் என்ற 16ஆம் நூற்றாண்டு வலியுல்லா (இறைநேசர்) சொன்னது இன்னும் பிரபலம்: முஹம்மது நபி உச்ச வானம்வரை போய்த் திரும்பினார், அந்த இடத்துக்கு நான் போயிருந்தால் ஆணையாகத் திரும்பியிருக்க மாட்டேன். நபிக்கும் ஞானிக்கும் உள்ள வித்தியாசமே அந்தத் திரும்புதல்தான். கருந்துளையில் அந்த வாசல் இல்லை. கருந்துளையிலிருந்தும் மெல்லக் கசியும் என்று 1974இல் ஹாக்கிங் சொன்ன கதிர்வீச்சு இருக்கிறதே என்பீர்கள். சூரிய நிறையுள்ள ஒன்றுக்கு அதன் வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. சுற்றிலுமுள்ள பேரண்டப் பின்னணி வெப்பமே 2.7 கெல்வின், அதனால் கருந்துளை விடுவதைவிட வாங்குவதே அதிகம். விழுந்ததைப் பற்றிய தகவல் அந்தக் கதிர்வீச்சில் இருக்கிறதா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அதை பகா என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

பெருவெடிப்பும் சூஃபி ஞானி இப்னு அரபி சொன்னதும் ஒன்று என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ரஹ்மானின் மூச்சு', அதாவது இறைவனின் மூச்சு, அதிலிருந்து உலகம் விரிந்தது என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் 1165இல் முர்சியாவில் பிறந்த அந்த மனிதருக்குப் படைப்பு 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்த சம்பவம் இல்லை. மூச்சுக்கு மூச்சு உலகம் இல்லாமல்போய் மறுபடி வருகிறது. ஒரே மாதிரி வருவதால் நமக்குத் தொடர்ச்சியாகத் தெரிகிறது. பல்கீஸ் ராணியின் சிம்மாசனம் கண்ணிமைக்கும் நேரத்தில் சுலைமான் நபியிடம் வந்ததைக்கூட, அது எங்கும் பயணம் செய்யவில்லை, அங்கே இல்லாமல்போய் இங்கே உண்டானது என்றுதான் விளக்கினார். இதைப் பெருவெடிப்போடு சேர்த்துக் கட்டினால் அவர் சொன்னதில் பாதி காணாமல் போகிறது.

உங்களைப்போல ஒருவர் கேள்வி அனுப்பி இன்னொருவர் பதில் எழுதிய பழைய நூல் ஒன்று இருக்கிறது. 1317இல் ஹிராத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு தப்ரீஸ் பக்கத்து மஹ்மூத் ஷபிஸ்தரீ பாரசீகச் செய்யுளில் பதில் எழுதினார். குல்ஷனே ராஸ் என்று பெயர். அதில் கறுப்பைப் பற்றி ஒரு பேச்சு வருகிறது. பார்க்கப்படும் பொருள் கண்ணுக்கு மிக நெருங்கிவிட்டால் கண் இருண்டுவிடும். அந்தக் கறுப்பு, அறிந்தால், மெய்ப்பொருளின் ஒளி. விரலைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பாருங்கள், புரியும். பின்னால் வந்த உரைகாரர்கள் இதைக் 'கறுப்பு ஒளி' என்றே விரித்தார்கள். அவருடைய கறுப்பு நெருக்கம் மிஞ்சியதால் வருவது. கருந்துளையின் கறுப்பு ஒளி வெளியே வர வழியில்லாததால் வருவது. பெயர் ஒன்று, காரணம் நேரெதிர்.

அன்று திண்ணையில் ஹஜ்ரத் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கத் தெரியாமல் போனையே முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"சார், ஒண்ணு கேக்கவா? உள்ளேருந்து வெளிச்சம் வராதுங்குறீங்க. அப்ப இந்த வளையத்துக்கு வெளிச்சம் எங்கேருந்து?"

"விழுறதுக்கு முன்னாடி சுத்துற வாயு, ஹஜ்ரத். ஒண்ணோட ஒண்ணு உரசிக் கோடிக்கணக்கான டிகிரி சூடாகி எரியுது. வானத்துலயே பெரிய வெளிச்சங்கள்ல பலது இப்படிக் கருந்துளையைச் சுத்தி எரியுறதுதான்."

"அப்ப பாக்குறது அதை இல்ல. அதுக்குப் போற வழியில எரியுறவங்கள."

நான் பதில் சொல்லவில்லை. சாச்சா போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அதே செய்தி வேறொரு குரூப்பிலிருந்து எனக்கு வந்தது. எல்லாம் அப்படியே இருந்தது, கடைசியில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது: 'குன்னஸ் என்பதற்கு மான் என்றும் பொருள் உண்டு, இதையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்.'